சங்கத்து வேனின் அடியில் விழும் துளி

சங்கத்திற்குச் சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்று மகாசபையில் பேசும்போது நமக்கிருக்கும் ஊக்கம், வண்டி வந்து ஓராண்டு கழிந்தபின் பெரும்பாலும் இருப்பதில்லை. நூல் கட்டுகளைக் கொண்டுவரவும், நெய்த ஜவுளியைக் கிடங்கில் சேர்க்கவும், காய்கறியை விடியுமுன் மார்க்கெட்டுக்கு எடுத்துச் செல்லவும் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓடுகிற வரையில் அதைக் குனிந்து பார்ப்பார் இல்லை. தறியையும் உரத்தையும் பற்றி எழுதிவரும் நாம் இம்மாதம் மோட்டார் வண்டியைப் பற்றி எழுதப் புகுந்த காரணம் இதுவே.

பெரிய லாரி வாங்க வசதியில்லாத சங்கங்களுக்குக் கை கொடுப்பவை சிறு வேன்கள். 1984-ல் மாருதி வேன் என்ற பெயரில் வெளிவந்து, 1988 முதல் ஆம்னி என்று வழங்கி, 2019-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி கிராமப்புறங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2010-ல் வந்த ஈக்கோவும் அதே அமைப்புடையதே. இவ்விரண்டிலும் எஞ்சின் முன் ஆசனங்களுக்கு அடியில் இருக்கிறது; அங்கிருந்து ஒரு நீண்ட தண்டின் வழியாகப் பின் சக்கரங்களுக்குச் சக்தி போகிறது. மற்றக் கார்களைப்போல் முன்மூடியைத் தூக்கி எஞ்சினைப் பார்க்க முடியாது. ஆசனத்தைத் தூக்கினால்தான் எஞ்சினின் மேற்பகுதி தெரியும். அடிப்பகுதியைக் காண வண்டியின் கீழேதான் நுழைய வேண்டும். ஆகவே உள்ளே ஏதேனும் ஒழுகத் தொடங்கினால் நமக்கு முதலில் தகவல் சொல்வது, காலையில் வண்டி நகர்ந்த இடத்தில் தரையில் கிடக்கும் கறைதான்.

அக்கறையைப் பார்த்தும் பாராதிருப்பதற்குச் சங்கத்து வண்டியில் ஒரு தனிக் காரணம் உண்டு. சொந்தக்காரர் ஒருவரே ஓட்டும் வண்டியில் எண்ணெய் குறைந்தால் அவருக்கு நினைவிருக்கும். சங்கத்து வண்டியையோ இந்த வாரம் ஒருவர் ஓட்டுகிறார், அடுத்த வாரம் வேறொருவர் ஓட்டுகிறார். ஒவ்வொருவரும் குறைந்திருப்பதைக் கண்டு கால் லிட்டர் ஊற்றுகிறார். தாம் செய்தது சரியே என்று எண்ணுகிறார். மாதத்தில் எவ்வளவு ஊற்றப்பட்டது என்று கூட்டிப் பார்ப்பவர் எவரும் இல்லை. இச்சிறு எஞ்சின்களில் மொத்தமாக நிற்கும் எண்ணெயே நான்கு லிட்டருக்குக் குறைவு என்பதை எண்ணிப் பார்த்தால், மாதம் ஒரு லிட்டர் போவது அற்பமல்ல என்பது விளங்கும். ஆகையால் வண்டியின் பயணப் புத்தகத்தில் இன்னும் ஒரு பத்தி கோடிட்டு, தேதி, கிலோமீட்டர், ஊற்றியது எது, எவ்வளவு என்று எழுதச் செய்ய வேண்டும். இதற்குச் செலவு இல்லை; காரியதரிசியின் கண்டிப்பு மட்டும் போதும்.

சரி, கறை தெரிகிறது. அது என்ன? இக்கேள்விக்கு விடை காணாமல் மெக்கானிக்கிடம் ஓடுவதாலும், கைக்கு அகப்பட்டதை ஊற்றுவதாலும் பயனில்லை. மண் தரையில் எந்தத் திரவமும் ஒரே கருமையாகத்தான் தோன்றும். நூல் வரும் அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, வெளுத்த பக்கம் மேலே இருக்கும்படி வண்டியின் அடியில் விரித்து, முன் சக்கரம் எந்தப் பக்கம் என்று அதில் குறித்துவிட்டு இரவு முழுதும் விட்டுவைக்க வேண்டும். காலையில் துளிகள் எங்கே விழுந்தன, எத்தனை, என்ன நிறம் என்பதெல்லாம் அந்த அட்டையிலேயே இருக்கும். அதை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போகிறவர், வெறும் வாயால் சொல்கிறவரைவிட விரைவில் வேலை முடித்துத் திரும்புவார்.

நிறத்தை மட்டும் நம்பலாகாது. ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட் கம்பெனிக்குக் கம்பெனி பச்சை, சிவப்பு, நீலம் என்று வேறுபடுகிறது. புதிய எஞ்சின் எண்ணெய் தேன் நிறம், ஓடியது கருமை. ஆதலால் இன்னொரு சோதனையும் செய்ய வேண்டும். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, துளியை ஒரு குச்சியில் தொட்டு அதில் விட வேண்டும். மேலே மிதந்து வானவில் நிறம் காட்டினால் அது எஞ்சின் எண்ணெய், கியர் எண்ணெய், பெட்ரோல் இவற்றில் ஒன்று. நீரோடு கலந்து மறைந்தால் அது கூலண்ட் அல்லது பிரேக் ஆயில். மிதப்பவற்றில் பெட்ரோல் தன் வாசனையாலும், கியர் எண்ணெய் தடித்த தன்மையாலும் கந்தக வாடையாலும் பிரிந்து தெரியும். கரைபவற்றில் கூலண்ட் பிசுபிசுப்பும் இனித்த மணமும் உடையது. பிரேக் ஆயில் விரலில் வழுக்கும், சக்கரத்தின் பக்கமாகவே பெரும்பாலும் காணப்படும். முகர்ந்து பார்க்கலாமேயன்றி எதையும் நாவில் வைத்துப் பார்க்கக் கூடாது. குளிர் சாதனம் உள்ள வண்டியில் தூய தண்ணீர் சொட்டுவது இயல்பு. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

இவற்றுள் எஞ்சின் எண்ணெய் கசிந்தால், அளவைப் பார்த்து ஊற்றிக்கொண்டு சில நாள் காத்திருக்கலாம். பெட்ரோல், பிரேக் ஆயில், கூலண்ட் மூன்றில் எது கசிந்தாலும் அன்றைய லோடைப் பற்றி யோசிக்கலாகாது. லோடு வேறு வண்டியில் போகட்டும்.

பெட்ரோலை முதலில் சொல்லிவிடுகிறோம். அதன் ஆவி சைபருக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் தீப்பற்றக்கூடியது. காற்றைவிடக் கனமாதலால் தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும். நூலும் துணியும் ஏற்றிய வண்டியில் இதன் பொருள் என்னவென்று நெசவாளர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. பெட்ரோல் தரையில் கறை விடாமலே உலர்ந்துவிடும். ஆகவே மூக்கே இங்குச் சாட்சி. பெரும்பாலும் பழுதாவது ரப்பர்க் குழாய். 2023-ல் 20 சதவிகித எதனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் பல ஆண்டுகளாக ஓடும் வண்டிகளின் குழாய்கள் அக்கலவையை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. பழைய வண்டியில் அவற்றை வெடிப்பு தெரியும் வரை வைத்திராமல், பெட்ரோலுக்கென்றே செய்த குழாயாக வாங்கி மாற்றிவிடுவது உத்தமம். டாங்கியில் சிறு துளை கண்டால் சவர்க்காரக் கட்டியைத் தேய்த்து அடைப்பது டிரைவர்கள் அறிந்த பழைய உபாயம். அது பட்டறை வரையில் போய்ச் சேருவதற்கே. மறுநாள் சந்தைக்குப் போக அல்ல.

பிரேக் ஆயில் என்ற பெயரே நம் நாட்டில் ஒரு தீங்கு செய்து வருகிறது. ஆயில் என்று கேட்டதும் அது எண்ணெய் என்று நினைத்து, கைவசம் இருக்கும் எஞ்சின் எண்ணெயையே ஊற்றிவிடுபவர்கள் உண்டு. அது எண்ணெய் அல்ல. கிளைக்கால் வகையைச் சேர்ந்த ஒரு திரவம். தாது எண்ணெய் ஒரு சிறிது கலந்தாலும் பிரேக்கின் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் ஊதிப் பெருத்துவிடும்; பிறகு உறுப்புகள் எல்லாவற்றையும் கழற்றி மாற்றுவதைத் தவிர வழியில்லை. வண்டிக்குரிய கையேட்டில் டாட் 3 என்றோ டாட் 4 என்றோ குறித்திருப்பதைப் பார்த்து, மூடி பிரியாத டப்பாவாக வாங்க வேண்டும். திறந்து வைத்த டப்பா காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் ஏறாத டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். ஆவி அமுங்குமேயன்றிப் பிரேக்கைத் தள்ளாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அன்னாசியும் மிளகும் ஏற்றிக்கொண்டு இறங்கும் வண்டியில் இது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை மலைச் சாகுபடியாளர் அறிவர். இரண்டாண்டுக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றுவது நல்லது.

கலயத்தில் பிரேக் ஆயில் குறைந்திருப்பதெல்லாம் கசிவு ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். முன் சக்கரத்துப் பிரேக் கட்டைகள் தேயத் தேய, மட்டம் மெல்ல இறங்குவது இயற்கை. அப்போது ஊற்றி நிரப்புவதற்கு முன் கட்டைகளைப் பார்க்க வேண்டும். ஆனால் சில நாட்களுக்குள் மட்டம் இறங்கினால் அது கசிவே. பின் சக்கரங்களின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். டயரின் உள் விளிம்பிலும் டிரம்மின் பின் தகட்டிலும் ஈரம் வழிந்திருந்தால் வீல் சிலிண்டரின் ரப்பர் போய்விட்டது என்று கொள்ளலாம். அதை மாற்றும்போது நனைந்த பிரேக் ஷூவையும் மாற்ற வேண்டும். துடைத்து, வெயிலில் காயவைத்து மீண்டும் போடும் சிக்கனம் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்; இரண்டு பக்கமும் மாற்றியே ஆக வேண்டும். வெளியே எங்கும் ஈரமில்லை, எனினும் மிதியை அழுத்திப் பிடித்தால் அது மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறதென்றால், மாஸ்டர் சிலிண்டரின் உள்ளேயே ஒழுகுகிறது. தரையில் துளி விழாத இக்கசிவையே எல்லாவற்றிலும் கொடியதென்று நாம் எண்ணுகிறோம். வண்டி எடுக்குமுன் அரை நிமிஷம் மிதியை அழுத்திப் பார்க்கும் வழக்கம் டிரைவருக்கு இருந்தால் இதை அறிந்துவிடலாம். பிரேக் வேலை எதுவானாலும் முடிவில் குழாயிலுள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். ஆகவே இதைச் சங்கத்து வாசலில் செய்ய முயலாமல் தேர்ந்த மெக்கானிக்கிடமே விட வேண்டும்.

கூலண்ட் உயிருக்கு நேரே அபாயம் செய்வதில்லை, எஞ்சினைக் கொல்லும். எஞ்சினின் தலைப்பகுதி அலுமினியத்தால் ஆனது. நீர் வற்றிச் சூடு ஏறினால் அது வளைந்துவிடும். பின்பு வரும் பில்லைக் கண்டு நிர்வாகக் கமிட்டி கூட்டம் கூட்ட நேரிடும். ரேடியேட்டர் மூடி நம் வீட்டு பிரஷர் குக்கரைப் போன்றது. அழுத்தத்தை உள்ளே தேக்கி, தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காதபடி தடுக்கிறது. மூடியின் ரப்பர் தளர்ந்தால் நீர் ஆவியாகவே போய்விடும். தரையில் துளியைக் காண முடியாது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும் என்பதைச் சொல்லியே தீர வேண்டும், சொல்லிச் சொல்லி அலுத்ததாயினும்.

கூலண்ட் எங்கே கசிகிறது என்பதை அது உலர்ந்து விட்டுச் செல்லும் வெள்ளை அல்லது பச்சைப் பூச்சு காட்டிக்கொடுக்கும். குழாய்களின் இணைப்புக் கிளிப், ரேடியேட்டரின் ஓரம் இவற்றைப் பார்த்தபின் வாட்டர் பம்பைப் பார்க்க வேண்டும். அதன் அடியில் ஒரு சிறு துளை வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கிறது. உள் சீல் தேய்ந்தால் நீர் அத்துளை வழியாக வெளிவந்து நமக்கு அறிவிக்கும். அறிவிப்பைத் தடுக்க எண்ணி அத்துளையை எம்-சீல் போட்டு அடைப்பது, வீட்டில் தீப்பிடித்ததென்று கூவுபவனின் வாயைப் பொத்துவது போன்றது. பம்பை மாற்றத்தான் வேண்டும். ரேடியேட்டரில் மஞ்சள் தூளைக் கொட்டிக் கசிவை அடைப்பதும் இப்படித்தான். துளையை அடைக்கும் தூள் மெல்லிய நீர்வழிகளையும் அடைக்கும்.

வெளியே எங்கும் ஈரம் இல்லை, நீர் மட்டும் குறைகிறது என்றால் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். பால் விட்ட காப்பி போன்ற நுரை அப்பியிருந்தால், அல்லது எஞ்சின் சூடான பின்பும் புகைக்குழாயில் இனித்த மணத்துடன் வெண்புகை வந்தால், ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழைக்க வேண்டும். சூட்டைக் காட்டும் முள்ளை மட்டும் நம்புவதும் தவறு. நீர் முழுவதும் வற்றிவிட்டால் முள்ளுக்குச் செய்தி சொல்லும் உறுப்பு நீரில் இராது; உள்ளே எஞ்சின் வெந்துகொண்டிருக்க, முள் சாதாரண இடத்திலேயே நிற்கலாம். கிணற்று நீர், போர் நீர் இவற்றை ஊற்றும் வழக்கத்தையும் விட வேண்டும். பாத்திரத்தின் அடியில் படியும் உப்புச் சுண்ணாம்பு ரேடியேட்டரிலும் படியும்.

கால்நடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கூலண்டில் பெரும்பாலும் இருப்பது எதிலீன் கிளைக்கால். அது இனிப்பானது, கொடிய விஷம். களத்து மேட்டில் வண்டியை நிறுத்தி ரேடியேட்டரைத் திறந்துவிட்டால், தேங்கியதை நாயோ கன்றோ நக்கிக் குடித்துவிடும். சிறு குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. பாத்திரத்தில் பிடித்து, மூடி வைக்க வேண்டும்.

எஞ்சின் எண்ணெய்க்கு வருவோம். அடியில் எண்ணெய் சொட்டுகிறதென்றால் அடியில்தான் பழுது என்று நினைப்பது இயல்பு. ஆனால் எண்ணெய் கீழ்நோக்கி இறங்குவதோடு, ஓட்டத்தின் காற்றால் பின்னோக்கியும் தள்ளப்படுகிறது. மேலேயுள்ள டேப்பட் கவரின் பேக்கிங்கில் கசிந்த எண்ணெய், எஞ்சின் முழுவதும் வழிந்து, கடைசியில் கியர்பாக்ஸின் அடியில் சொட்டும். அதைக் கண்டு கியர்பாக்ஸை இறக்கியவர்கள் உண்டு! எஞ்சினை நன்றாகக் கழுவித் துடைத்து, காய்ந்தபின் முகத்துக்குப் பூசும் பவுடரைச் சந்தேகமான இடங்களில் தூவி, பத்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்திப் பார்த்தால், எண்ணெய் வந்த வழி பவுடரில் கோடாகத் தெரியும். அக்கோட்டின் உச்சியே பழுதான இடம்.

கசிவு தொடங்கியது எண்ணெய் மாற்றிய அன்றா என்று பயணப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். அப்படியானால் டிரெயின் நட்டின் அடியிலுள்ள வாஷர் பழையதாக இருக்கலாம். அல்லது பழைய பில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேலேயே புதியது பூட்டப்பட்டிருக்கலாம். இவை இரண்டும் அரை மணி வேலை. நட்டை மேலும் மேலும் முறுக்குவதால் மரைதான் போகும்.

சீல்களை மாற்றியும் கசிவு நிற்கவில்லை என்று மெக்கானிக்கைக் குறை கூறுபவர்கள், எஞ்சினின் உள்ளே மூச்சு அடைபடுகிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். எஞ்சினின் உள்ளே சேரும் வாயு வெளியேற ஒரு வால்வும் குழாயும் உண்டு. அது அழுக்கால் அடைத்துக்கொண்டால் உள் அழுத்தம் ஏறி, எங்கே பலவீனமோ அங்கே எண்ணெயைத் தள்ளும். புதிய சீலும் சில மாதங்களில் கசியும். பின் அச்சிலும் இதே விஷயம்தான். அங்கே காற்று வெளியேற ஒரு சிறு மூக்கு இருக்கிறது. வயல் சேற்றில் புகுந்து வரும் வண்டியில் அது மண்ணால் அடைபடும்; ஓடிச் சூடேறியதும் கியர் எண்ணெய் அச்சின் சீலைத் தாண்டிப் பிரேக் டிரம்முக்குள் இறங்கிவிடும். பின் சக்கரத்தில் ஈரம் கண்டபோது கிண்ணச் சோதனை செய்யச் சொல்வது இதற்காகத்தான்: மிதந்தால் அச்சு சீல், கரைந்தால் வீல் சிலிண்டர்.

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவேயுள்ள பெரிய சீலின் விலை அற்பம். அதை மாற்றக் கியர்பாக்ஸை இறக்கும் கூலிதான் பெரிது. கசிவு சொற்பமாயிருந்தால், கிளட்ச் பிளேட் மாற்றும் காலம் வரும்வரை அளவு பார்த்து எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்து, அப்போது இதையும் சேர்த்து மாற்றச் சொல்வதே சிக்கனம். ஆனால் எண்ணெய் புகைக்குழாயின்மீது சொட்டிப் புகைந்தால் காத்திருக்கலாகாது. எண்ணெய் விளக்கு சிவப்பாக எரிந்தால் பட்டறை எவ்வளவு அருகில் இருந்தாலும் எஞ்சினை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும்.

இவ்வளவையும் படித்துவிட்டு எவரேனும் வண்டியை ஜாக்கியில் தூக்கிக் கீழே நுழைந்துவிடுவாரோ என்று நமக்குப் பயமாயிருக்கிறது. ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கே, தாங்கி நிற்பதற்கல்ல. செங்கல்லும் தாங்காது. சமமான கெட்டித் தரையில், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, இரும்பு ஸ்டாண்டுகளின்மேல் வண்டியை இறக்கிய பிறகே தலையை உள்ளே நீட்டலாம். இல்லையேல் அட்டையும் கிண்ணமும் போதும். எஞ்சியது பட்டறைக்காரர் வேலை. அவர் வேலை முடித்துக் கொடுத்ததும், 100 கிலோமீட்டர் ஓட்டியபின் மீண்டும் ஓர் இரவு அட்டையை விரித்துப் பார்த்துவிட்டுப் பில்லுக்குப் பணம் கொடுப்பதாக முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். நேர்மையான பட்டறைக்காரர் இதற்கு ஆட்சேபம் சொல்லமாட்டார்.

வடித்தெடுத்த பழைய எண்ணெயை வாய்க்காலிலும் சாக்கடையிலும் கொட்டுவது, நம் கிணற்றில் நாமே கொட்டுவதற்கு ஒப்பாகும். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி அது பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளர்களுக்கே போய்ச் சேர வேண்டியது. பழைய டப்பாவில் மூடிச் சேர்த்து வைத்து, எண்ணெய் மாற்றும் பட்டறையிலேயே ஒப்படைத்துவிடலாம். அப்பட்டறை யாருக்கு அனுப்புகிறது என்று காரியதரிசி ஒருமுறை கேட்டு எழுதி வைத்துக்கொள்ளட்டும்.